2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: இரண்டு மந்திரக் கிளாஸைக் கலப்பவர்களுக்குச் சரிப்படுமா?

கதாபாத்திரங்களை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிப் புத்தகமான 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 384 பக்கம், 49.99 டாலர், படங்கள் அருமை, அதெல்லாம் சரி. நான் பார்க்கப்போவது ஒரே விஷயத்தை: மல்டிகிளாஸ் செய்து, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸில் (கதாபாத்திரத்தின் தொழில் வகை) லெவல் எடுத்து, இரண்டு வகை மந்திரம் வைத்திருக்கும் கதாபாத்திரத்தை இந்தப் புத்தகம் எப்படி நடத்துகிறது? எங்கள் குழுவுக்கு நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தும் ஆள். ஆட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கிளாஸோடு நிற்க மனசு வராது. அதனால் புத்தகம் கையில் வந்ததும் நான் முதலில் புரட்டியது அந்தப் பகுதியைத்தான்.

அடித்தளம் 2014 புத்தகத்தில் இருந்ததுதான். அதைத் தொடாமல் விட்டது நல்ல முடிவு. ஸ்லாட்டுகளை, அதாவது மந்திரம் சொல்லச் செலவாகும் வாய்ப்புகளை, இரண்டு கிளாஸுக்கும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளலாம், தெரிந்த மந்திரங்களின் நிலையைக் கூட்ட முடியாது. விசார்ட் (படித்து மந்திரம் கற்றவர்) 5 லெவல், கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் சொல்பவர்) 5 லெவல் என்று ஒருவர் இருந்தால், ஸ்லாட் கணக்கில் அவர் பத்தாம் லெவல் மந்திரவாதி. ஐந்தாம் நிலை ஸ்லாட்டே இரண்டு கிடைக்கும் (லெவல் என்பது கதாபாத்திரத்தின் வளர்ச்சி, நிலை என்பது மந்திரத்தின் வலு). ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் அவருக்குத் தெரிந்தது மூன்றாம் நிலை மந்திரம் வரைதான். அதைப் பெரிய ஸ்லாட்டில் போட்டு வலுவேற்றிக்கொள்ள வேண்டும். ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தை ஐந்தாம் நிலை ஸ்லாட்டில் விட்டால் சேதத்துக்கு ஆறு பக்கப் பகடை பத்து உருட்டலாம்.

இதன் அருமை 2003-இல் வந்த 3.5 பதிப்பை ஆடியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஃபயர்பாலின் பகடை எண்ணிக்கை விசார்ட் லெவலை மட்டும் பார்க்கும். இதே ஆள் பத்தாம் லெவலில் ஐந்து பகடைதான் உருட்டுவார், பக்கத்தில் இருக்கும் கலப்பில்லாத விசார்ட் பத்து உருட்டுவார். மந்திர எதிர்ப்பு உள்ள எதிரி வந்துவிட்டால் அதை முறியடிக்கும் உருட்டலிலும் ஐந்தே ஐந்துதான் சேரும். இதைச் சரிக்கட்ட மிஸ்டிக் தீர்ஜ் என்று, இரண்டு வகை மந்திரத்தையும் சேர்த்து வளர்க்கும் ஒரு பிரெஸ்டீஜ் கிளாஸ் (தகுதி பெற்ற பிறகே சேரக்கூடிய கிளாஸ்) வைத்திருந்தார்கள். விசார்ட் 3, கிளெரிக் 3 என்று ஆறு லெவல் திண்டாடிய பிறகுதான் அதற்குள் கால்வைக்க முடியும். லெவல்களைக் கூட்டி ஸ்லாட் பார்க்கும் இன்றைய அட்டவணை அந்தத் திண்டாட்டத்தை ஒரே பக்கத்தில் தீர்த்துவிட்டது.

அடுத்து, 2024-இல் உண்மையிலேயே சரிசெய்த இடம்: பாலடின் என்ற புனித வீரன் கிளாஸ். அதன் பழைய டிவைன் ஸ்மைட்டுக்கு (ஸ்லாட்டை எரித்து ஆயுத அடியின் சேதத்தைக் கூட்டும் திறன்) எந்தக் கிளாஸிலிருந்து வந்த ஸ்லாட்டையும் எரிக்கலாம். ஒரே டர்னில் (ஒருவரின் முறை) விழும் ஒவ்வொரு அடிக்கும் எரிக்கலாம். பாலடின் கொஞ்சம், மிச்சமெல்லாம் சார்சரர் (பிறவி மந்திரவாதி) என்று கட்டியவர்களுக்கு எரிக்க ஸ்லாட் மலைபோல் கிடந்தது. டிஎம் பார்த்துப் பார்த்துத் தயாரித்த வில்லன் முதல் சுற்றிலேயே சாய்ந்துவிடுவான். இப்போது ஸ்மைட் ஒரு மந்திரம், போனஸ் ஆக்‌ஷனில் வருவது; அந்தக் கூடுதல் செயல் டர்னுக்கு ஒருமுறைதான் கிடைக்கும், ஆகவே டர்னுக்கு ஒரு ஸ்மைட்தான். ஸ்லாட்டைப் பிடுங்காமல் செலவழிக்கும் வேகத்தை மட்டும் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இதுதான். ஸ்லாட் கணக்குக்காகப் பாலடின், ரேஞ்சர் (காட்டு வேட்டை வீரன்) லெவலைப் பாதியாக்கும்போது மிச்சம் வந்தால் இனி மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்பதும் நல்ல சலுகை.

ஆனால் ஓட்டை ஒன்று அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு லெவல் மட்டும் வேறு கிளாஸில் எடுக்கும் ‘டிப்’ பற்றிச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒரு தம்பி விசார்ட் 4, கிளெரிக் 1 ஆடுகிறான். ஐந்தாம் லெவலில் மற்றவர்கள் எல்லாம் ஒரு படி தாவும்போது இவனிடம் மூன்றாம் நிலை ஸ்லாட் இருந்தது, மூன்றாம் நிலை மந்திரம் இல்லை. காப்லின்கள் கும்பலாக வந்த அன்று ஸ்கார்ச்சிங் ரே என்ற தீக்கதிர் மந்திரத்தை அந்த ஸ்லாட்டில் விட்டான். நான்கு கதிரும் பட்டால் சராசரி 28 சேதம். ஃபயர்பாலின் சராசரியும் 28தான், ஆனால் அது வட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாக விழும். பயல் முகம் வாடிப்போனது. நியாயமான விலை என்றுதான் எனக்கும் அப்போது தோன்றியது.

அப்புறம் ஆறாம் லெவல் வந்தது. விசார்ட் 5, கிளெரிக் 1. ஃபயர்பால் கைக்கு வந்துவிட்டது. புதிய நிலை மந்திரம் ஒற்றைப்படை லெவல்களில்தான் வரும் என்பதால், ஒரு லெவல் பின்தங்கியது ஒன்றுவிட்டு ஒரு லெவலில்தான் உறைக்கும். ஸ்லாட் ஒன்றுகூடக் குறையாது. பதிலுக்குக் கிடைத்ததைப் பாருங்கள்: கிளெரிக் பயிற்சியால் ஹாஃப் பிளேட் என்ற உலோகக் கவசம், கேடயம், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) கூடுதல் 2 சேர்த்துக் கவச எண் (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 19. ஷீல்ட் மந்திரம் சொன்னால் 24. மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் போட்ட சாதாரண விசார்ட்டுக்கு அதே டெக்ஸ்டெரிட்டியில் 15, ஷீல்டோடு 20. இந்த நான்கு புள்ளி ஆட்டம் முடியும் வரை கூடவே வரும். 3.5-இல் ஹாஃப் பிளேட் அணிந்து விசார்ட் மந்திரம் சொன்னால் 40 சதவீதம் தோற்றுப்போகும். அந்தப் பதிப்பு மந்திரத்தில் கஞ்சத்தனம் காட்டினாலும் கவச விஷயத்தில் சரியாகத்தான் இருந்தது.

கரிஸ்மா (ஆளுமை) பக்கம் நிலைமை இன்னும் தளர்வு. கலக்க வேண்டுமானால் இரண்டு கிளாஸின் முக்கியத் திறனிலும் 13 வேண்டும். விசார்ட்டும் கிளெரிக்கும் கலந்தால் இன்டெலிஜன்ஸ், விஸ்டம் இரண்டையும் வளர்த்தாக வேண்டும். பார்ட், சார்சரர், வார்லாக், பாலடின் நான்கு கிளாஸும் மந்திரத்துக்குக் கரிஸ்மாவையே பார்ப்பதால் அங்கே அந்தச் சுமை குறைவு. எல்லா சப்கிளாஸையும் (கிளாஸின் உட்பிரிவு) மூன்றாம் லெவலுக்குத் தள்ளியது டிப்பைக் குறைக்க உதவும் என்று நம்பினேன். ஆனால் வார்லாக் முதல் லெவலிலேயே பாக்ட் ஆஃப் த பிளேடு என்ற திறனை எடுத்துக் கரிஸ்மாவால் வாள் வீசலாம் என்று இன்னொரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

என் மேசையில் ஒரு வீட்டு விதி போட்டேன். ஒரு கிளாஸின் மந்திரத்தைச் சொல்ல வேண்டுமானால், அந்தக் கிளாஸ் தரும் கவசப் பயிற்சிக்குள்தான் உடை இருக்க வேண்டும். தம்பி ஹாஃப் பிளேட்டைக் கழற்றவில்லை, அதை அணிந்திருக்கும்போது கிளெரிக் மந்திரம் மட்டும் சொல்கிறான். யாரைக் குணப்படுத்துவது, எப்போது கவசத்தைக் கழற்றி ஃபயர்பாலுக்குத் தயாராவது என்று சண்டைக்கு முன்பே யோசிக்கிறான். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

மல்டிகிளாஸ் ஆடும் குழுவுக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். 2014 புத்தகத்தை வைத்து ஆடும் குழுவில் பாலடின் கலப்பு ஆள் இருந்தால் ஸ்மைட் மாற்றத்துக்காகவே இது வேண்டும். கலப்பு விதியை மட்டும் பார்க்க நினைப்பவர்கள் செலவு செய்ய வேண்டியதில்லை. 2025-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான எஸ்ஆர்டி 5.2 என்ற விதித் தொகுப்பில் அது இலவசமாகவே இருக்கிறது. கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ்தான் அதில் உண்டு, விசார்ட் கிளெரிக் கலப்பைக் கட்டிப் பார்க்க அது போதும்.