மூட்ஜிம்: பாதியில் எழுந்துபோனவர்களும் பயனர்களே

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இணையத்தில் கிடைக்கும் தன்னுதவிப் பயிற்சிகளுள் மூட்ஜிம் மிகப் பழையவற்றில் ஒன்று. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹெலன் கிறிஸ்டென்சன், கேத்லீன் கிரிஃபித்ஸ் ஆகியோரின் குழு உருவாக்கி 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இந்தத் தளம், பின்னர் இஹப் ஹெல்த் என்ற நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. இவ்வளவு நீண்ட காலம், இத்தனை நாடுகளில், இத்தனை வகையான மக்களிடம் ஆராயப்பட்ட மனநலத் தளங்கள் அதிகம் இல்லை. அதனால் பயிற்சியின் உள்ளடக்கத்தோடு, அதைப் பயன்படுத்த வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே இதை மதிப்பிட முடிகிறது.

பயிற்சி ஐந்து பகுதிகளாக அமைந்துள்ளது. நாம் ஏன் இப்படி உணர்கிறோம் என்பதில் தொடங்கி, எண்ணங்களை அடையாளம் காணுதல், கோணலான எண்ணங்களை நிமிர்த்துதல், மன அழுத்தத்தின் காரணங்களைக் கண்டு தணித்தல், உறவுகளைக் கையாளுதல் என்று அது செல்கிறது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றி மனநிலையைச் சீராக்க முயலும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படைகளே இவை. எல், நோப்ராப்ளமோஸ், மூடி, சைபர்மேன், க்ரீப்பி என்ற சித்திரப் பாத்திரங்கள் வழியாகப் பாடம் நகர்கிறது. தன் எண்ணத்தைத் தானே குற்றம் காணத் தயங்கும் ஒருவர், தன்னைப் பற்றித் தாழ்வாகவே நினைக்கும் எல் என்ற பாத்திரத்தின் எண்ணத்தில் உள்ள பிழையை எளிதாகச் சுட்டிவிடுவார். அதன் பிறகு தன்னிடம் திரும்பிப் பார்ப்பது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. இந்த உத்தியை நான் மிகவும் மதிக்கிறேன். பயிற்சி யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை. 'நேர்மறையாக நினை' என்று உபதேசிப்பதும் இல்லை.

ஆனால் இது அடிப்படையில் வாசித்து, யோசித்து, எழுதி நிரப்ப வேண்டிய ஒரு பயிற்சிப் புத்தகம். மனநிலையை அளக்கும் கோல்ட்பெர்க் வினாத்தாள்களில் மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள், பதற்றத்துக்கு ஒன்பது கேள்விகள். பயிற்சி முன்னேற முன்னேற இவை மீண்டும் வருகின்றன. மாற்றத்தை அளக்க விரும்பும் ஆய்வாளருக்கு இந்த ஏற்பாடு பொன்போன்றது. இரவு தூக்கம் வராமல் கைபேசியைத் திறந்த ஒருவருக்கோ இது இன்னொரு படிவம். மனச்சோர்வின் அறிகுறிகளில் கவனக் குறைவும், எதையும் தொடங்க முடியாத சோர்வும் அடங்கும். நோய் எதைப் பறித்துக்கொள்கிறதோ அதையே பயிற்சி முன்பணமாகக் கேட்கிறது என்பதுதான் இத்தகைய தளங்கள் அனைத்தின் அடிப்படைச் சிக்கல். பயனர் அனுபவ ஆய்வு தொடங்க வேண்டிய இடமும் அதுவே.

2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு இந்தத் தளத்துக்குப் பெரும் பெயர் தேடித் தந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் கொண்ட 525 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூட்ஜிம்மையும், இன்னொன்றுக்கு மனச்சோர்வு பற்றிய தகவல்களை மட்டும் தரும் புளூபேஜஸ் தளத்தையும் கொடுத்தார்கள். மூன்றாவது குழு ஒப்பீட்டுக்கானது. இரண்டு தளங்களுமே அறிகுறிகளைக் குறைத்தன. இந்த முடிவைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் வாரந்தோறும் ஒருவர் பங்கேற்பாளர்களைத் தொலைபேசியில் அழைத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அழைத்தவர் சிகிச்சையாளர் அல்லர், சாதாரண நேர்காணலாளர். இருந்தாலும், மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார்.

அந்த அழைப்பு இல்லாதபோது நடந்தது வேறு. 82,159 பொதுப் பயனர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு பகுதியையாவது முடித்தவர்கள் 27 விழுக்காடு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகளை முடித்தவர்கள் 10 விழுக்காடு மட்டுமே. கூடுதலாகக் கல்வி பெற்றவர்களும், மனநலத் துறையினர் பரிந்துரைத்து வந்தவர்களும் அதிகம் தொடர்ந்தார்கள். நார்வேயில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், தளம் ஒதுக்கப்பட்ட 527 பேரில் உள்ளே நுழைந்தவர்களே 45 பேர்தான். பிரிட்டனில் 691 நோயாளிகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வு, பொது மருத்துவர் தரும் வழக்கமான கவனிப்புடன் மூட்ஜிம்மையோ, பீட்டிங் த ப்ளூஸ் என்ற மற்றொரு தளத்தையோ சேர்த்ததால் நான்கு மாத முடிவில் கூடுதல் பலன் இல்லை என்று கண்டது. அதில் மூட்ஜிம்மை முழுவதும் முடித்தவர்கள் 16 விழுக்காடு. அதே நாட்டில் 369 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான அடுத்த ஆய்வில், இதற்கெனப் பயிற்சி அளிக்கப்பட்ட உதவியாளர்கள் தொலைபேசியில் பயனர்களுக்குத் துணைநின்றபோது நான்கு மாதத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பன்னிரண்டு மாதத்தில் அந்த வேறுபாடு உறுதியாக நிலைக்கவில்லை.

இந்த எண்களைக் கொண்டு தளம் தோற்றுவிட்டது என்று தீர்ப்பு எழுத நான் விரும்பவில்லை. பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்பதை எண்கள் சொல்வதில்லை. முதல் பகுதியிலேயே தனக்கு வேண்டியது கிடைத்து நிம்மதியாக விலகியவர் ஒருவர். கேள்வித்தாளைக் கண்டு மலைத்தவர் ஒருவர். படித்ததும் மனம் இன்னும் கனத்துப்போனவர் ஒருவர். பதிவேட்டில் மூவரும் ஒரே புள்ளிதான். மூவருக்கும் செய்ய வேண்டியவையோ வேறு வேறு. முடித்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டு, அவர்கள் மகிழ்ந்தார்கள் என்று அறிக்கை எழுதும் பயனர் ஆய்வு, வீடு வந்து சேர்ந்தவர்களை வைத்தே பாதை பாதுகாப்பானது என்று முடிவு செய்வதற்குச் சமம்.

கணினிவழிச் சிகிச்சையைப் பயன்படுத்தியவர்களின் அனுபவங்களைத் தொகுத்து 2014-இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தில் எனக்கு மிகவும் உதவியது. ஒரே அம்சத்தை ஒருவர் வரமாகவும் இன்னொருவர் குறையாகவும் உணர்கிறார் என்று அது காட்டுகிறது. யாரும் தன்னைப் பார்ப்பதில்லை என்ற மறைவு ஒருவருக்கு விடுதலை. இன்னொருவருக்கு அதுவே தனிமை. தன் வேகத்தில் செல்லலாம் என்பது ஒருவருக்குச் சுதந்திரம். இன்னொருவருக்கோ எல்லாப் பொறுப்பும் தன் தலையில் விழுந்த பாரம். சராசரி மதிப்பெண் எடுத்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே இத்தகைய தளத்துக்கு ஐந்து நட்சத்திரக் கருத்துக் கணிப்பு பொருந்தாது. நேரில் அமர்ந்து பொறுமையாகக் கேட்கும் நேர்காணல்தான் பொருந்தும். அதையும் உற்சாகமாக இருக்கும் நாளில் வந்த தன்னார்வலரிடம் மட்டும் நடத்திப் பயனில்லை. இடையில் விட்டவர்களை அவர்களது ஒப்புதலோடு தேடிச் சென்று பேச வேண்டும். பேசும்போது அவர் உடைந்துபோனால் யாரை அழைப்பது, உரையாடலை எப்படி நிறுத்துவது என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். மனச்சோர்வைக் கடந்து வந்தவர்களே ஆய்வுக் குழுவில் கேள்விகளை வகுப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

தமிழ் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நீண்ட பத்திகளைத் தயக்கமின்றிப் படிப்பவருக்கும், சோர்வு மிதமாக இருப்பவருக்கும், சிகிச்சைக்கு இணையாகச் சில திறன்களைக் கற்க விரும்புபவருக்கும் மூட்ஜிம்மை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கோ, எழுந்து பல் துலக்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கோ இது போதாது. இந்தியாவில் இருப்பவர் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இந்தப் பயிற்சியைத் தொடங்குபவர், 'இந்த வாரம் எதுவரை முடித்தாய், என்ன கற்றாய்' என்று வாரம் ஒருமுறை கேட்க அண்ணனையோ தோழியையோ முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ளட்டும். அப்படிக் கேட்பவர் மனநலம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. சொன்ன நாளில் தவறாமல் அழைப்பவராக இருந்தால் போதும்.