நானூறு ரூபாய் புதுமைப்பித்தன்

புதுமைப்பித்தன் கதைகள் மொத்தமும் ஒரே புத்தகமாக நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் வாங்கினேன். 2002-இல் அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதிலிருந்து யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம்.

எழுத்து பொடிசு. கண்ணாடி போட்டும் ராத்திரியில் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. தாள் மெலிசு, பின்பக்க எழுத்து முன்னால் நிழலாடுகிறது. மூன்றாம் நாளே புத்தகத்தின் முதுகு விட்டுப்போனது. அச்சுப்பிழைக்குக் கணக்கில்லை. ‘செல்லம்மாள்’ கதையின் முதல் வரியில் அவளுக்கு மூச்சு ஒடுங்குகிறது. இங்கே அது ‘முச்சு’. உயிர் போகிற வரியில் ஒரு சுழி போய்விட்டது. சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

1943-இல் கலைமகளில் வந்த கதை. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் துணிக்கடைச் சிப்பந்தி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மனைவி தீராத நோயாளி. சொந்தபந்தமெல்லாம் ஐந்நூறு அறுநூறு மைலுக்கு அந்தப்பக்கம். சாவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கதை பின்னால் போகிறது. எழுந்து நடக்கவே தெம்பில்லாதவள் வருகிற பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும், வீட்டு அரிசிச் சோறு சாப்பிட வேண்டும், திரும்பும்போது உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த நெல்லிக்காய் அடை கொண்டுவர வேண்டும் என்று திட்டம் போடுகிறாள். அவர் கடையிலிருந்து புடவைகள் கொண்டுவந்து காட்டுகிறார். அவளுக்குப் பச்சை பிடிக்கிறது. கடைசியில் அந்தப் பச்சையைத்தான் உடுத்திவிடுகிறார். கதையில் ஒப்பாரி கிடையாது.

நெல்லிக்காய் அடையில் நான் நின்றுவிட்டேன். எங்கள் அம்மா கல்லிடைக்குறிச்சிக்காரி, அதுவும் திருநெல்வேலிப் பக்கம்தான். கடைசி மூன்று வருஷம் சென்னை மடிப்பாக்கத்தில் என்னோடு, இரண்டாவது மாடியில். கேன் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “சப்புன்னு இருக்கு” என்று டம்ளரைத் தள்ளுவாள். ஊரில் வீட்டை விற்று ரொம்ப நாளாயிற்று. ஆனாலும் “வீட்டுக்குப் போணும்” என்பாள். “இதுதானம்மா வீடு” என்றால், “இது ஒன் வீடுல்லா” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். போன ஆடியில் போய்விட்டாள். சித்தி பார்சலில் அனுப்பிய அடையில் பாதி இன்னும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. கறுத்துப்போய், ஓரமெல்லாம் உப்புப் பூத்து. தூக்கிப் போடவும் மனசில்லை, வாயில் வைக்கவும் மனசில்லை.

வேறு கதைகளையும் சொல்ல வேண்டும்தான். ‘மகாமசானம்’ இருக்கிறது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற ‘துன்பக்கேணி’ இருக்கிறது. நான் இன்னும் செல்லம்மாளைத் தாண்டவில்லை.

வாங்கலாமா என்றால், கொஞ்சம் கூடக் கொடுத்து ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு தொகுப்பை வாங்குங்கள். கதைகள் வெளிவந்த வரிசையில், பழைய பத்திரிகைப் பிரதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பதிப்பு. என் கையில் இருப்பதற்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் புதுமைப்பித்தனுக்கு.

பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தார்கள். அனுப்பவில்லை. பேனாவை எடுத்து ‘முச்சு’க்கு ஒரு சுழி போட்டுவிட்டேன்.