வேடந்தாங்கலுக்கு செல்போனா, கேமராவா?

பறவைக்காகப் போகிறீர்கள் என்றால் கேமராதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாரைகள் உட்காரும் மரங்கள் ஏரிக்குள் தள்ளி நிற்கின்றன. செல்போனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் கூழைக்கடா வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் தெரியும். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 300 மி.மீ. லென்ஸ் மாட்டி, ஷட்டரை 1/1000 நொடியில் வைத்துப் பாருங்கள், கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் உள்ள இடைவெளிகூடத் துல்லியமாக விழும். பெரிய பிரிண்ட் போட்டாலும் தாங்கும்.

ஆனால் கூட வந்தவர்களைப் படம் பிடிக்க செல்போன்தான். போன ஜனவரியில் அம்மா முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு "அதோ, அதோ பாரு" என்று கைகாட்டியபோது நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். தம்பி சட்டென்று போனில் எடுத்துவிட்டான், தேதியும் இடமும் அதிலேயே பதிவாகிவிட்டது. கூடத்துச் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான், கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும்.

சரி, செலவு? கேமரா, லென்ஸ் இரண்டும் சேர்ந்தால் நல்ல தொகை ஆகும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இப்போதைக்குக் கையிலிருக்கும் போனோடு ஒரு 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) பைனாகுலர் வாங்கிக்கொள்ளலாம்.