முன்பணத்துக்கு முன்னால் வர வேண்டிய நான்காயிரம்: நிதி ஆதரவுத் திட்டம் குறித்து ஒரு மதிப்புரை

பெற்றோரை இழந்த அல்லது அவர்களால் கைவிடப்பட்ட ஏழைக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகாமல் சொந்த உறவுகளிடமே வளர, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் மாதம் ரூ.4,000 நிதி ஆதரவாக வழங்கப்படுகிறது. இதில் 60 விழுக்காடு மத்திய அரசின் பங்கு, 40 விழுக்காடு மாநில அரசின் பங்கு. சிதம்பரத்துக்குக் கிழக்கே ஓர் இருளர் குடியிருப்பில் நான் மாலை வகுப்பு நடத்திவருகிறேன். தாய் இறந்து, தந்தையும் விட்டுச் சென்றுவிட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்காக அவனுடைய ஆயாவுடன் (பாட்டியுடன்) சேர்ந்து விண்ணப்பித்து, முதல் தவணை வரும்வரை கூடவே அலைந்ததால், இந்தச் சேவையின் நிறைகுறைகளை அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

முதலில் தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயாவுக்குத் தொழில் பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழியில் இறால் தடவுவது. இடுப்பளவு நீரில் இறங்கி, பறி என்னும் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்கும் வேலை அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் பெருகிவிட்டால் அதுவும் நின்றுபோகும். அந்த மாதங்களில்தான் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆள் சேர்ப்பவர்கள் முன்பணத்தோடு குடியிருப்புக்கு வருகிறார்கள்; அதை வாங்கிக்கொண்ட குடும்பம் பொங்கல் முடிந்ததும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டே சட்டப்படி ஒழிக்கப்பட்டது என்றாலும், அடுப்பு எரியாத வீட்டில் முன்பணத்தை மறுக்க யாராலும் முடிவதில்லை. “மாசம் நாலாயிரம் வந்தா இவன நான் எங்கயும் அனுப்ப மாட்டேன் சார்” என்று விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்த அன்று ஆயா சொன்னார். 2009இல் தொடங்கிய பழைய திட்டத்தில் ரூ.2,000 ஆக இருந்த உதவி இப்போது இரட்டிப்பாகியிருப்பது, இந்தக் காரணத்தால், மிகச் சரியான உயர்வு.

வீட்டுக்கு வந்து விசாரித்த பணியாளரின் நடத்தையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயாவின் பாயிலேயே அமர்ந்து, சிறுவனைத் தனியே அழைத்துப் பேசி, பள்ளிக்கும் சென்று விசாரித்த பிறகே அவர் அறிக்கை எழுதினார். இனச்சான்று கேட்கவில்லை என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர் நிலை அலுவலர்தான் வழங்க வேண்டும் என்பதால், அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் எங்கள் குடியிருப்பிலேயே உள்ளன. (பக்கத்துப் புதுச்சேரியில் இருளர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதே 2016இல்தான்.) ஊரகக் குடும்பத்துக்கான ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000 என்பதிலும் சிக்கல் எழவில்லை.

எங்களைத் தடுத்து நிறுத்தியது வங்கிக் கணக்கு. கணக்குக்கு ஆதார் கேட்டார்கள், ஆதாருக்குப் பிறப்புச் சான்று கேட்டார்கள். சிறுவனோ ஒரு சூளையின் குடிசையில் பிறந்தவன். அவன் பிறப்பை எவரும் பதிவு செய்யவில்லை. ஓராண்டைக் கடந்துவிட்ட பிறப்பைப் பதிவு செய்ய ஆணை பெற வேண்டியிருந்தது, அதற்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை சென்றோம். ஒவ்வொரு முறையும் ஆயாவுக்கு ஒரு நாள் பிழைப்பு போனது. ஆடியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு மாசியில்தான் பணம் வந்தது. அதற்குள் மழைக்காலம் வந்து போய்விட்டது, சித்தப்பா முன்பணம் வாங்கிவிட்டார், சிறுவனும் ஐந்து வாரம் சூளையில் கல் அடுக்கிவிட்டான். பள்ளி வருகை தவறினால் நிதி ஆதரவே நிறுத்தப்படலாம் என்ற நிலையில், வகுப்பாசிரியை அவனைத் தேடி ஆள் அனுப்பியிராவிட்டால் வந்த பணமும் கைநழுவியிருக்கும்.

பள்ளி வருகை நிபந்தனை நல்லதுதான். ஆனால் பருவந்தோறும் இடம்பெயரும் மக்களுக்கு, எந்த இழப்பைத் தடுக்க உதவி தரப்படுகிறதோ அந்த இழப்பையே காரணம் காட்டி உதவியை நிறுத்துவதாக அது முடிந்துவிடக் கூடாது. கனடாவில் முதற்குடி எனப்படும் பூர்வகுடி மக்களுடைய பிள்ளைகளின் நலச் சேவைக்குக் குறைவாக நிதி ஒதுக்குவது பாகுபாடு என்று அந்நாட்டு மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016இல் தீர்ப்பளித்தபோது, பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுக்கும் செலவுக்குப் பணம் தடையின்றிக் கிடைத்ததையும், குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் பணிக்கு அது போதாமல் இருந்ததையும் சுட்டிக்காட்டியது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் காப்பகத்தைக் கடைசி வழியாகவே வைத்திருப்பதால், நிதி ஆதரவு அந்தக் கொள்கையின் உயிர்நாடி. எனவே பிறப்புப் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றுக்குமான முகாமைக் குடியிருப்பிலேயே நடத்தும் செலவும் இத்திட்டத்தின் நிதியிலேயே சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொகைக்கும் நோக்கத்துக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். வந்து சேர்ந்த காலத்துக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் தகுதியுள்ள குடும்பங்கள் தயங்காமல் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1098 என்ற கட்டணமில்லாக் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் சூன் மாதத்திலேயே பதிவு வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஆயாவிடம் வளரும் ஐந்து வயதுப் பேத்திக்கு இந்த முறை நாங்கள் சித்திரையிலேயே மனு கொடுத்துவிட்டோம்.