மனுவெல் அந்தோனியோவா, கவீத்தாவா?

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவில் எங்களுக்குக் கிடைத்தது எட்டே நாள், அதுவும் அக்டோபரில். இரண்டு கடற்கரைக்கும் போய்விட்டு வந்தோம். எது உசத்தி என்ற வாக்குவாதம் மட்டும் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பசிபிக் பக்கம் மனுவெல் அந்தோனியோ, என் மனைவியின் கட்சி. கரீபியன் பக்கம் கவீத்தா, என் கட்சி. இரண்டுமே கடலை ஒட்டிய காடு, தேசியப் பூங்கா. குரங்கும், மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி மெல்ல நகரும் ஸ்லாத்தும் இரண்டிலும் உண்டு. (ஸ்லாத்தைத் தேவாங்கு என்று எழுதிவிடுகிறார்கள். தேவாங்கு நம் பக்கத்துப் பிராணி. இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை.)

வாசலிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். மனுவெல் அந்தோனியோவுக்கு முன்கூட்டியே ஆன்லைனில் டிக்கெட் எடுக்க வேண்டும், உள்ளே போகும் நேரமும் அதிலேயே இருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. சாப்பாட்டுப் பொருள் கூடாது என்று பையைத் திறந்து பார்க்கிறார்கள். நாங்கள் மறந்து வைத்திருந்த முந்திரிப் பாக்கெட் வெளியே வந்தது. உள்ளே வெள்ளைமுகக் குரங்கு ஒன்று யாருடைய பையிலோ ஜிப்பைத் திறந்த லாவகத்தைப் பார்த்த பிறகு, முந்திரி போனது நல்லதுக்குத்தான் என்று தோன்றியது.

கவீத்தாவில் ஊர்ப்பக்க வாசலில் டிக்கெட்டே கிடையாது. விருப்பப்பட்டதைக் கொடுத்துவிட்டு நடக்கலாம். சும்மா வந்த சலுகை இல்லை இது. 1994-இல் அரசு வெளிநாட்டவருக்கான கட்டணத்தை 15 டாலராக ஏற்றியபோது, பயணிகள் வராமல் போனால் பிழைப்பு என்னாவது என்று ஊர்க்காரர்கள் வாசலையே கைப்பற்றிவிட்டார்கள். இன்றுவரை அந்தப் பக்கம் நன்கொடைதான், நிர்வாகத்திலும் ஊருக்குப் பங்கு உண்டு.

விலங்கு பார்க்க வேண்டுமா? சந்தேகமே வேண்டாம், மனுவெல் அந்தோனியோ. பாதைகள் சின்னவை, வழிகாட்டிகள் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி ஸ்லாத்தின் நகம்வரை காட்டிவிடுவார்கள். கூட்டமும் அதே அளவுக்கு இருக்கும். கவீத்தாவில் கரையோரமாகச் சுமார் 8 கிலோமீட்டர் நடை. கண்ணில் படுவது நம் அதிர்ஷ்டம். எங்கள் அதிர்ஷ்டம் ஒரு மஞ்சள் விரியனாக வந்தது. நான் கை வைக்கப்போன மரத்தில், பழுத்த எலுமிச்சை நிறத்தில், கண்ணுக்கு மேல் இமைமயிர் மாதிரி செதில்களோடு சுருண்டு கிடந்தது. விரலுக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும்.

பவளப்பாறை கவீத்தாவில்தான். ஆனால் 1991 நிலநடுக்கத்தில் கரையே மேலெழும்பி, பவளத்தில் ஒரு பகுதி தண்ணீருக்கு வெளியே வந்து செத்துப்போனது. பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

சாப்பாட்டில் என் கட்சிக்கு ஈடே இல்லை. பசிபிக் பக்கம் காலையில் காயோ பின்தோ: முந்தின நாள் சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்து வதக்கியது. இரண்டு நாள் ரசிக்கலாம். கவீத்தா இருக்கும் லிமோன் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம் வாழ்கிறது. அவர்கள் அதே சோற்றையும் பீன்ஸையும் தேங்காய்ப்பாலில் வேக வைக்கிறார்கள். ஒரு சோடாவில் (குடிக்கிற சோடா இல்லை, அங்கே சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு அதுதான் பெயர்) கடைக்கார அம்மா பானையைத் திறந்து காட்டினார். மேலே ஒரு முழு மிளகாய். காம்போடு போட வேண்டும், உடைந்துவிடக் கூடாது. வாசம் மட்டும் இறங்கினால் போதும், உடைந்தால் பானையே போச்சு என்றார்.

மழையை மறந்து திட்டம் போடாதீர்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பசிபிக் பக்கம் காய்ந்திருக்கும். அக்டோபரில் அங்கே கொட்டித் தீர்க்கும், கரீபியன் பக்கம் வெயிலடிக்கும். நடுவில் மலை, வழியும் தலைநகர் சான் ஹொசே வழியாகத்தான். கரை மாற ஒரு பகல் போய்விடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மனைவி மசியவில்லை. சென்னைக்காரிக்குக் கடலில் சூரியன் உதிப்பது ஒன்றும் புதிதில்லை, கவீத்தாவிலும் அதேதான். மறைவதுதான் புதிது. மனுவெல் அந்தோனியோவில் தங்கிய மூன்று சாயங்காலத்தில் இரண்டு மழையில் போயின. மூன்றாவது நாள் பத்து நிமிடம் மேகம் விலகியது. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் இன்னும் வாதாடுகிறாள்.