கும்பகோணத்தில் எங்கள் பழைய வீடு: சுண்ணாம்புக் கொத்தனார் குழுவின் வேலை எப்படி?

சுண்ணாம்பில் கட்டிய பழைய வீட்டை மராமத்து பார்க்க ஆள் தேடுகிறீர்களா? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருங்கள். சிமென்ட் மட்டும் தெரிந்தவரிடம் அந்த வீட்டைக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் வேலை பார்த்த குழுவைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன். மேஸ்திரி செட்டிநாட்டுப் பக்கம் தொழில் பழகியவர். அவரோடு இரண்டு கொத்தனார்கள், மூன்று சித்தாள்கள். கையில் இருக்கும் வீடு முடியாமல் அடுத்த வீட்டை ஒப்புக்கொள்ள மாட்டார், அதனால் பேரும் நம்பரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வீடு 1938-ல் தாத்தா கட்டியது, பித்தளைப் பாத்திர வியாபாரத்தில் சேர்த்த காசில். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சுற்றித் தாழ்வாரம், கொல்லை. முன்கட்டு அறைகளுக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம்), முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு. சுவரெல்லாம் 14 அங்குல கனம், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். இப்போது அம்மா மட்டும் இருக்கிறார். நான் தஞ்சாவூரிலிருந்து சனி, ஞாயிறு வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பெரிய தொல்லை ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கும் ஊர், நிலத்தடி ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு கான்ட்ராக்டர் கூடத்துச் சுவரின் பழைய சுண்ணாம்புக் காரைப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, "இனி நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று சிமென்ட் பூசி, மேலே எமல்ஷனும் அடித்துக் கொடுத்தார். முழங்கால் அளவில் நின்றிருந்த ஓதம் அதற்குப் பிறகு இடுப்புக்கு ஏறியது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்து, துடைக்கத் துடைக்கக் கொட்டியது.

இந்த மேஸ்திரி முதல்முறை வந்தபோது எஸ்டிமேட் பேசவே இல்லை. கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே அறை அறையாகப் போனார். சில இடங்களில் கெட்டியாகக் கேட்டது, சில இடங்களில் பானையைத் தட்டினாற்போலக் கேட்டது. அப்படிக் கேட்ட இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு ஏணி போட்டு ஏறி, கூரைக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தார். கட்டைகள் தேக்கு, நடுவில் ஆணியே இறங்காது. ஆனால் ஈரச்சுவருக்குள் இருந்த முனைகளில் இரண்டு கட்டைகள் பிடி வரைக்கும் குத்து வாங்கின. "கட்டை நடுவுல உளுக்காதுக்கா, சுவத்துக்குள்ள இருக்கற தலைதான் முதல்ல போகும். ஈரம் அங்கதான் நிக்கும், காத்து அங்கதான் போகாது" என்றார்.

அடுத்து மொட்டைமாடி. அங்கே 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி, அறையின் நட்டநடுவில் இருந்தது. நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அத்தனை எடையும் தலை இற்றுப்போன கட்டைகளின் நடு முதுகில்! "வேற வேலை அப்புறம் பேசலாம், இதை இன்னிக்கே இறக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கினார். தொட்டி இப்போது கொல்லைப்பக்கக் குளியலறையின் கான்க்ரீட் தளத்தின் மேல், சுவரோரமாக இருக்கிறது. பழைய மாடியில் தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் தயவுசெய்து இந்த வாரமே ஏறிப் பாருங்கள்.

ஓதத்துக்கு அவர் முதலில் சுவரைத் தொடவில்லை, தண்ணீரைத் தொட்டார். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து உயர்ந்து, மழைத்தண்ணீர் திண்ணைச் சுவரோரம் தேங்க ஆரம்பித்திருந்தது. அங்கே தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு சிறு வாய்க்கால் எடுத்துச் சாக்கடையோடு சேர்த்தார். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் பீங்கான் குழாயில் இணைப்பு விட்டு, வேர் புகுந்து, பாதித் தண்ணீர் கூடத்து அஸ்திவாரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அதை மாற்றிய பிறகுதான் சிமென்ட் பூச்சை உடைத்தார்கள்.

காரணத்தை அவர் சொன்னபடி எழுதுகிறேன். அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் உண்டு, ஏறிய ஈரம் அதன் வழியாகக் காற்றில் காய்ந்துபோகும். சிமென்ட் பூசி எமல்ஷனும் அடித்தால் அந்த வழி அடைபடுகிறது. வெளியேற முடியாத ஈரம் வழி கிடைக்கும் உயரம்வரை ஏறுகிறது, கூடவே உப்பையும் சுமந்துகொண்டு. ஆகவே ஓதம் தெரிந்த கோட்டுக்கு ஒரு அடி மேலே வரைக்கும் சிமென்ட்டை எடுத்தார்கள். இடுக்குகளில் உதிரும் சாந்தைச் சுரண்டினார்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டினார்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகுமாம். பங்குனி வெயில் முழுக்கச் சுவரை அப்படியே திறந்து போட்டார்கள். அம்மாவுக்கு அந்தக் கோலத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை. "ஏன் தம்பி, எப்பப் பூசுவீங்க?" என்று தினமும் கேட்பார். "சுவரு சொல்லட்டும் பெரியம்மா" என்பார் அவர்.

சுண்ணாம்பு தயாரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுட்ட கிளிஞ்சலைத் தொட்டித் தண்ணீரில் கொட்டியதும் குபுகுபுவென்று கொதித்து ஆவி எழும்பியது. முகத்துக்கு நேராகத் தெறிக்கும் என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அது ஆறி, வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறி, வெண்ணெய்ப் பதத்துக்கு வந்தது. கரண்டியில் அள்ளிச் சரித்தால் ஒட்டாமல் வழுக்கி விழ வேண்டும், ஒட்டினால் இன்னும் ஊற வேண்டும், இதுதான் அவர் பார்க்கும் பதம். சலித்த மணலோடு சேர்த்து அரைக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டார்கள். ரேழி முழுக்கத் துவர்ப்பும் இனிப்புமாக ஒரு வாசனை. மெல்லிசாக மூன்று பூச்சு. முதல் பூச்சு இறுகும்வரை இரண்டாவதைத் தொடவில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் கெட்டிப்படும், அவசரப்படுத்தினால் வெடிப்பு விடும். வெயில் படும் சுவருக்கு ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டார்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும், பெயின்ட் கிடையாது.

கூரை வேலையில்தான் இவர்களின் கைத்திறம் முழுதாகத் தெரிந்தது. இற்றுப்போன இரண்டு கட்டைகளுக்கும் அக்கம்பக்கம் முட்டுக் கொடுத்து, மேலே இருந்த பகுதியைத் திறந்தபோதுதான் மெட்ராஸ் டெரஸ் எப்படிக் கட்டப்பட்டது என்று கண்ணால் பார்த்தேன். விரல் கனமே இருக்கும் சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டத்தில் சாந்தோடு வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேல் தட்டை ஓடு. இடித்த வீட்டுத் தேக்குக் கட்டைகளைப் பழைய மரக்கடையில் தேடி எடுத்து வந்தார். சுவருக்குள் போகும் முனைக்கடியில் ஒரு கருங்கல் துண்டு வைத்து, முனையைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டார். அதை அடைக்கவில்லை. காற்று போக வேண்டும் என்பதற்காக.

ஜல்லியைப் பரப்பிய பிறகு சித்தாள்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்தார்கள். கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து அடி. கட்டை புதையாமல் எகிறும்வரை நிறுத்தவில்லை. மூவரில் மூத்தவர் ஓசையை வைத்தே எந்த இடம் இன்னும் இறுகவில்லை என்று சொல்வார், மேஸ்திரியும் மறுபேச்சுப் பேசமாட்டார். தளத்துக்கு 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் கொடுத்து, ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி அது நிற்காமல் தூம்புக்கு ஓடுவதை எனக்குக் காட்டினார். இடையில் இன்னொருவர் மாடி முழுக்க ரப்பர் கோட்டிங் அடித்து வாரண்டி தருவதாக வந்தார். கோட்டிங்குக்குக் கீழே ஒரு சொட்டு புகுந்தாலும் காய வழியின்றிக் கட்டையிலேயே தங்கும் என்பது மேஸ்திரியின் பதில். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

என் தம்பிக்குக் கூடத்தையும் பக்கத்து அறையையும் ஒன்றாக்கிப் பெரிய ஹாலாகப் பார்க்க ஆசை. மேஸ்திரி அவனை மாடிக்குக் கீழே நிறுத்தி, கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்று காட்டினார். இரண்டு பக்கத்துக் கட்டைகளுக்கும் அந்தச் சுவர்தான் தாங்கல். தனியாகக் கூப்பிட்டுக் காட்டிய இன்ஜினியரும் அதையே சொன்னார். வாசலை மட்டும் அகலப்படுத்தி, மேலே இரும்பு கர்டர் வைத்தோம். வேலை வந்தால் போதும் என்று தலையாட்டும் ஆளாக இருந்திருந்தால் அந்தச் சுவர் இன்று இருக்காது.

இனி குறைகள். எழுத்தில் எஸ்டிமேட் தரமாட்டார், நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியதுதான் கணக்கு. கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட வையுங்கள். கூலியும் பொருளும் சேர்த்து, சிமென்ட் பூச்சுக்கு மற்றவர்கள் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயிற்று. நடுவில் ஒரு கோயில் திருப்பணிக்குப் போய்விட்டார், ஆடி முழுக்க வீடு முட்டுக்கட்டையோடு நின்றது. போகுமுன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தூசிக்கு மறைப்பு கட்டும் பழக்கம் இவர்களுக்கு இல்லை, நாங்களே தார்ப்பாய் வாங்கிக் கட்டினோம்.

இதையெல்லாம்விட எனக்கு வருத்தம், மற்ற வேலைக்காரர்களோடு இவர்கள் கலந்து பேசாததுதான். வீட்டில் மரப்பட்டிக் காலத்து வயரிங், எர்த் கிடையாது. புது வயர் இழுத்து, எர்த் குழி போட்டு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே தானாக விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வைத்தோம். ஆனால் பூச்சு முடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்து சுவரைக் கொத்தி, பைப் பதித்து, சிமென்ட்டால் அடைத்துவிட்டுப் போனார். அந்தக் கோடுகளை மறுபடி உடைத்துச் சுண்ணாம்பு பூச வேண்டியதாயிற்று. மேஸ்திரிக்கு இந்த வரிசை தெரியாமல் இருக்க வழியில்லை. வயரிங்கும் குழாயும் முடிந்த பின்தான் பூச்சு என்று அவரே முதல் நாளில் சொல்லியிருக்க வேண்டும்.

காவித்தரையில் போட்ட ஒட்டும் சரியாக அமையவில்லை. பழைய தரை எண்பது வருட நடையில் மெருகேறியது, புது ஒட்டு வெளிறித் தெரிகிறது. அம்மா அதன்மேல் பாய் விரித்து வைத்திருக்கிறார். தரைக்கு இவர்களை நம்ப வேண்டாம், வேறு ஆள் பாருங்கள்.

ஒரு ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தாண்டிவிட்டோம். மாடியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. கூடத்துச் சுவர் தொட்டால் உலர்ந்திருக்கிறது, அறையில் அந்தப் புழுங்கிய வாடை போயேவிட்டது. அடுப்படிச் சுவரில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு மறுபடி உப்புப் பூத்தது. போன் பண்ணினேன், வந்து பார்த்தார். உள்ளே பழைய உப்பு மிச்சம் இருக்கிறது, இந்தப் பூச்சு அதை இழுத்துக்கொள்ளட்டும், கோடையில் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூசித் தருகிறேன் என்றார். கூலி கேட்கவில்லை. கொல்லைப்பக்கச் சுவரும் அப்போது இவர்களுக்குத்தான். இம்முறை எலக்ட்ரீஷியன் முதலில் வந்து போய்விடுவார், எஸ்டிமேட்டை நானே டைப் செய்து எடுத்துப் போகிறேன்.