பழைய ஆண்ட்ராய்டு பெட்டியை வீட்டுப் பாட்டுப் பெட்டியாக்கி வருஷக்கணக்கில் கேட்ட அனுபவம்

டிவிக்குப் பின்னால் சொருகியிருந்த ஆண்ட்ராய்டு பெட்டியில் ஆப்கள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போயின. ஆண்ட்ராய்டு 6-ஐத் தாண்டி அதற்கு அப்டேட் கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் அம்லாஜிக் எஸ்905எக்ஸ் சிப்பும் 2 ஜிபி ரேமும் நன்றாகத்தான் இருந்தன. பாட்டுக்கு அதில் கால்வாசி போதும். டிவியைப் போடாமல், போனைத் தொடாமல், அம்மாவும் அப்பாவும் காலையில் நாதஸ்வரம் கேட்க வேண்டும். எனக்கு இருந்த தேவை அவ்வளவுதான். கண்டியூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தப் பெட்டி தினமும் பாடுகிறது.

முதல் வேலையாக ஆண்ட்ராய்டை ஒதுக்கினேன். இந்த மாதிரி மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் விற்பனைக்கு வரும்போதே மால்வேர் இருந்தது 2023-இல் வெளியே வந்தது. நாள் முழுக்க வீட்டு நெட்டில் இருக்கப்போகும் சாதனத்தில் அந்தச் சந்தேகமே வேண்டாம். ஆண்ட்ராய்டுக்குப் பதில் ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை மெமரி கார்டில் எழுதி அதிலிருந்தே ஓட்டுகிறேன். கார்டில் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். பெட்டியை எழுப்பிவிடும் யூ-பூட் கோப்புகளில் எஸ்905எக்ஸுக்கு உரியதை யூ-பூட்.எக்ஸ்ட் என்ற பெயரில் நகலெடுக்க வேண்டும். எக்ஸ்ட்லினக்ஸ் கோப்பில், பெட்டியின் வன்பொருள் எதுவென்று லினக்ஸுக்குச் சொல்லும் டிடிபி வரியில் பி212-ஐக் குறிப்பிட வேண்டும். அப்புறம் ரீசெட் பட்டன். என் பெட்டியில் அது ஏவி ஜாக்கின் துளைக்குள்ளேயே இருக்கிறது. பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டால் அடியில் டிக்கென்று அமுங்கும். அமுக்கிப் பிடித்தபடியே கரண்ட் கொடுத்து, சில விநாடி கழித்து விட வேண்டும். ஒரு முறை செய்தால் போதும், பிறகு எப்போதும் கார்டிலிருந்தே எழும்பும். கார்டை உருவினால் பழைய ஆண்ட்ராய்டு அப்படியே வரும் என்பதால் துணிந்து செய்து பார்க்கலாம்.

பாட்டை இயக்குவது எம்பிடி. திரையே தேவைப்படாத மென்பொருள் அது. பெட்டியில் சத்தமில்லாமல் ஓடும், போனில் இருக்கும் ஆப் வெறும் ரிமோட்தான். போனை அணைத்தாலும் பாட்டு நிற்காது.

சத்தம் எப்படி? பெட்டியின் ஏவி ஜாக் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் வீடியோவும் சேர்ந்து வருவதால் நான்கு வளையம் உள்ள பின் வேண்டும். ஹெட்போனுக்கான சாதாரண மூன்று வளைய வயரைச் சொருகினால் வீடியோ கம்பி தரையோடு சேர்ந்து இரைச்சல் கிளம்பும். சரியான வயர் போட்ட பிறகும் தவிலின் இடப்பக்கமான தொப்பி முழங்கும் இடங்களில் ஒலி குழம்பியது. தஞ்சாவூரில் டிஜிட்டல் பாட்டை ஆம்பிளிபயருக்கான ஒலியாக மாற்றும் ஒரு சின்ன யூஎஸ்பி டிஏசி வாங்கி, பழைய கேசட் செட்டின் ஆம்பிளிபயரில் இணைத்தேன். அன்றைக்குத்தான் வலப்பக்கமான வலந்தலை தனியாக, தொப்பி தனியாகக் கேட்டது. செலவு செய்வதென்றால் இந்த ஒன்றுக்குச் செய்யுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். எச்டிஎம்ஐ வழியாகவும் ஒலி எடுக்கலாம், ஆனால் அதற்கு டிவி ஓட வேண்டும்.

அதிக நேரம் பிடித்தது பாட்டுக் கோப்புகளுக்குள் குறிப்பு (டேக்) எழுதுவது. பாடகர், ஆல்பம் என்ற வரிசை நம் சங்கீதத்துக்குப் போதாது. வீட்டில் யாரும் ஆல்பம் கேட்பதில்லை, "தோடி போடு" என்றுதான் கேட்பார்கள். அதனால் வகை என்ற இடத்தில் ராகத்தையும், இயற்றியவர் இடத்தில் வாக்கேயக்காரரையும் எழுதினேன். பழைய எம்பி3 கோப்புகளில் ஐடி3 என்ற குறிப்பு முறையின் முதல் பதிப்பு மட்டும் இருந்தால் தமிழ் அதில் ஏறாது. தலைப்புக்கு 30 பைட்தான் இடம். தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் கரகரப்பிரியா என்று எழுதவே 36 பைட் ஆகிறது. அவற்றை இரண்டாம் பதிப்புக்கு மாற்றினேன். ஒலித் தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

டிராக் எண்ணை விட்டுவிடாதீர்கள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பாடும் ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்னம் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசை. எண் இல்லையென்றால் பெட்டி அகர வரிசைப்படி ஆரபியில் தொடங்கும். திருவையாற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்க எங்களுக்கு மனசு வராது. ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக் என்று வெட்டிய சிடிகளை ஃபிளாக்காக மாற்றிக்கொண்டால் எம்பிடி நடுவில் துளி இடைவெளியும் விடாமல் சேர்த்துப் பாடுகிறது.

இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போவதும் வருவதும் வழக்கம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டு கெடும். கார்டில் எதுவும் எழுதப்படாதபடி ஓவர்லே வசதியைப் போட்டு, எம்பிடியின் பட்டியலையும் நிலைக் கோப்பையும் பாட்டு இருக்கும் பென் டிரைவுக்கு மாற்றினேன். அதிலிருந்து கார்டு பிரச்சினையே வரவில்லை. இன்னொன்று: எம்பிடி விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும். சாயங்காலம் பாட்டின் நடுவில் போன கரண்ட் நடுராத்திரி வந்தால், ஆம்பிளிபயரும் ஆனிலேயே இருந்தால், வீடே எழுந்துவிடும். ரீஸ்டோர்_பாஸ்டு என்ற அமைப்பில் 'யெஸ்' கொடுத்தால் நிறுத்திய நிலையில் காத்திருக்கும்.

எங்கள் வீட்டில் இது நிலைத்ததற்குக் காரணம் பழைய ரிமோட். அதன் எண் பட்டன்களுக்கு ஒவ்வொரு பட்டியலை ஒதுக்கினேன். 1 நாதஸ்வரம், 2 வீணை, 3 தேவாரம், 0 நிறுத்த. அம்மா கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்ததும் 1-ஐ அமுக்குவார். கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. ஆப் வழியாக மட்டும் என்று விட்டிருந்தால் நான் ஒருவன்தான் கேட்டிருப்பேன்.

டிவி அலமாரிக்குள் வைக்காதீர்கள். பாட்டுக்கு மட்டும் ஓடும்போது பெட்டி பெரிதாகச் சுடாது, ஆனாலும் அந்த இளஞ்சூட்டைத் தேடி மழைக்காலத்தில் எறும்பு வரும். சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வைஃபை சிப்புக்கு லினக்ஸில் டிரைவர் சரியாக அமையவில்லை, ஈதர்நெட் வயர்தான். 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றாலும் பாட்டுக்கு அது தாராளம்.

ஸ்ட்ரீமிங் ஆப் வழியாகவே பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்த ஏற்பாடு சரிவராது. கையில் சிடியும் கேசட்டும் வைத்திருப்பவர்களுக்கானது இது. இறங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து சிப்பின் பெயரைப் பாருங்கள். எஸ்905டபிள்யூ என்றால் டிடிபி வரியில் பி281 போட்டுப் பாருங்கள். ஆல்வின்னர், ராக்சிப் என்ற வேறு நிறுவனங்களின் சிப்பாக இருந்தால் மேலே சொன்ன குச்சியும் கோப்பும் பொருந்தாது, அந்தச் சிப்புக்கு உரிய ஆர்ம்பியன் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிஏசிக்குப் பணம் போடுங்கள்.